சீனி போடாத கோப்பை

படிகள் செங்குத்தானவை, பிள்ளை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். ஆம், இதுதான் அந்தத் தொலைக்காட்சி. கோயில் அறிவித்தல் பலகையில் எழுதியிருந்தபடி இலவசம்தான். ஒரு சதமும் வேண்டாம். உங்கள் கணவர் எங்கே? வாகனம் நிறுத்த இடம் தேடுகிறாரா? ஸ்கார்பரோவில், அதுவும் இந்தத் தெருவில், அது இலேசில் கிடைக்காது. அவர் வரும்வரை இருங்கள். தேநீர் ஊற்றி வைத்திருக்கிறேன். உங்களுக்காகத்தான். நீங்கள் வரும் நேரத்தைச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஊற்றி வைத்தால் யாராவது வந்து குடிப்பார்கள் என்று ஓர் எண்ணம்.

அந்த நாற்காலியில் வேண்டாம்... சரி, அமர்ந்துவிட்டீர்கள். பரவாயில்லை. மெத்தை போட்டது அதுதான். அதிலேயே இருங்கள்.

நல்ல தொலைக்காட்சி. பழுது ஒன்றும் இல்லை. பிறகு ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கண் மங்குகிறது என்று மகனிடம் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். இந்தப் பெட்டி என்னை ஏமாற்றிவிட்டது, பிள்ளை.

என் பெயர் அம்பலவாணர். கோயிலில் புராணபடனம் நடக்கும்போது நீங்கள் என்னைக் கண்டிருக்கக்கூடும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்வார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். நான் பயன் சொல்பவன். ஊரிலும் சொன்னேன், இங்கும் சொல்கிறேன். அதில் ஒரே ஒரு விதி உண்டு. வாசிப்பவர் செய்யுளை முடிக்கும்வரை பயன் சொல்பவர் வாய் திறக்கக்கூடாது. அடுத்த அடி என்னவென்று தெரிந்திருந்தாலும் கூடாது. காத்திருப்பதே ஒரு வழிபாடு என்று என் ஆசிரியர் சொல்லித் தந்தார்.

என் மனைவி பொன்மணிக்கு அந்தப் பொறுமை கிடையாது. மாலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடி முடித்ததும் இருவரும் இந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்துவிடுவோம். துப்பறியும் கதைகள்தான். தொடக்கத்தில் ஒரு பிணம் விழும், முடிவில் நீதிமன்றம். வழக்கறிஞர் சாட்சிக்கூண்டுக்கு முன்னால் அங்கும் இங்கும் உலாவி ஒரு கேள்வி கேட்பார். கூண்டில் நிற்பவன் முகம் வெளிறி, ஆம், நானே செய்தேன் என்று கதறுவான். நீதிபதி சுத்தியலால் தட்டுவார். முடிந்தது. பொன்மணியோ, பிணம் விழுந்த சூட்டோடு சொல்லிவிடுவாள்.

"உந்தச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறவர்தானப்பா. இருந்து பாருங்கோ."

"பொறு, பொறு. செய்யுள் முடியமுன்னம் பயன் சொல்லக்கூடாது."

"ஓமோம். நீங்கள் பயன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்திடுவன்."

அவள் சொன்னவனே கொலைகாரனாக இருப்பான், பெரும்பாலும். அது தற்செயல். அப்படித்தான் அவளிடம் சொல்வேன்.

அவள் சொன்னபடியே முதலில் போய்ச் சேர்ந்தும் விட்டாள். நீரிழிவு. இறைவன் அழைத்தால் நாம் என்ன செய்யலாம்? எனக்கு ஒரு குறையும் இல்லை. மேலே மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள். இருவரும் வேலை. மேலேயிருந்து கீழே கைபேசியில் செய்தி அனுப்புவான்: அப்பா, சாப்பாடு குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. நான் பெருவிரல் படம் ஒன்றை அனுப்புவேன். நல்ல பிள்ளை.

அந்த வேளையில்தான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. ஜூரியாக வர வேண்டும் என்று.

மகன் அன்றைக்குக் கீழே இறங்கியே வந்துவிட்டான். "அப்பா, இங்கிலீசு விளங்காது எண்டு எழுதிப் போடுங்கோ. விட்டுடுவாங்கள்."

"ஊரில அரசாங்கக் கச்சேரியில எழுதுவினைஞராய் இருந்து காலம் முழுக்க ஆங்கிலத்தில எழுதினவன், விளங்காது எண்டு எழுதித் தாறதோ? அதையும் ஆங்கிலத்திலயெல்லோ எழுத வேணும்?"

அவன் சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்தது. அதற்காகவேனும் போகலாம் என்று தோன்றியது.

போனேன். எடுத்துக்கொண்டார்கள். சத்தியம் செய்ய எந்த நூல் வேண்டும் என்று கேட்டார்கள். நான் நாள்தோறும் ஓதும் பதிகப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். நீதிபதி அம்மையார் அதை வாங்கிப் பார்த்து, அட்டையில் திருநீறு படிந்திருப்பதைக் கண்டு, அதைத் துடைத்துவிடாமல் திருப்பித் தந்தார். நல்ல பெண்மணி. பிறகு நீதிமன்ற எழுதுவினைஞர் என்னையும் கூண்டில் நின்ற பெண்ணையும் ஒருவரையொருவர் பார்க்கச் சொன்னார். ஜூரரே, குற்றம் சாட்டப்பட்டவரைப் பாரும். குற்றம் சாட்டப்பட்டவரே, ஜூரரைப் பாரும். இதைத் தொலைக்காட்சியில் நான் ஒருநாளும் கண்டதில்லை. சந்நிதியில் திரை விலகினால் என்ன செய்வோம்? நாம் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம், பார்க்கப்படுபவர்கள் நாமே. அப்படி இருந்தது. கயானா நாட்டுக்காரி, நாற்பது வயது இருக்கும். வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. நீ யார் என்று கேட்கும் பார்வை. பொன்மணி போன பிறகு யாரும் என்னை அவ்வளவு நேரம் நேராகப் பார்த்ததில்லை.

தேநீர் ஆறிவிட்டதா? சூடாக்கித் தரட்டுமா? வேண்டாமா? சரி.

வழக்கு இதுதான். ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கிழவர், மனைவியை இழந்தவர், தனி வீடு. நிலவறைப் படிகளின் அடியில் இறந்து கிடந்தார். பராமரிக்க வந்த இவள் தள்ளிவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. அன்று காலை இருவரும் சத்தம் போட்டதை அயலவர் கேட்டிருக்கிறார். இவளோ, நான் நாலு மணிக்கே வேலை முடித்துப் போய்விட்டேன் என்கிறாள். ஆறு மணிக்குக் கிழவர் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துச் சென்றதை அதே அயலவர் கண்டிருக்கிறார். ஆகவே, ஆறு மணிக்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாளா? கேள்வி அவ்வளவே. வந்திருந்தால் அவள் சிறைக்குப் போவாள். வராவிட்டால் அது ஒரு கிழவர் கால் தவறி விழுந்த கதை.

அரசுத் தரப்பு ஒரு புகைப்படத்தைக் காட்டியது. சமையலறை மேசை. இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஒன்று குடித்து முடிந்தது. மற்றொன்று, எதிரே இருந்த வெற்று நாற்காலிக்கு முன்னால், வாய்வரை நிறைந்து, ஆடை படிந்து இருந்தது. குடித்த கோப்பையில் சீனி இருந்தது. நிறைந்த கோப்பையில் சீனி இல்லை. "நீங்கள் தேநீருக்குச் சீனி போடுவதுண்டா?" என்று அவளைக் கேட்டார்கள். "இல்லை" என்றாள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எங்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை மட்டும் அப்படியே தொலைக்காட்சிதான். விருந்தாளி வந்திருக்கிறாள், அவளுக்காகச் சீனியில்லாமல் ஊற்றியிருக்கிறார், வாய்ச்சண்டை மூண்டிருக்கிறது, கோப்பையைத் தொடாமலே எழுந்திருக்கிறாள். எல்லாம் பொருந்தியது.

எனக்கு மட்டும் பொருந்தவில்லை, பிள்ளை. ஏனென்றால் அதற்கு முந்திய நாள் அந்தக் கிழவரின் மகள் சாட்சி சொல்லியிருந்தாள். அழுதுகொண்டே, யாரும் கேளாமலே, ஒரு வார்த்தை சொன்னாள்: அம்மாவும் நீரிழிவில் போய்விட்டாள், இப்போது அப்பாவும் இல்லை என்று. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நான் கேட்டேன். மறுநாள் அந்தப் படத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. அந்தக் கோப்பை செத்துப்போன மனைவிக்கு ஊற்றியது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நமது கோயிலுக்கு வரும் ஒருவர் அப்படிச் செய்கிறவர். பெயர் வேண்டாம். மனைவி போன பிறகும், தேநீர் போடும்போது கை தானாகவே இரண்டாவது கோப்பையை எடுத்துவிடுமாம். ஊற்றிய பிறகு அதைக் கொட்ட மனம் வராதாம். எதிரே வைத்துவிட்டுத் தன்னுடையதைக் குடிப்பாராம். பைத்தியம் ஒன்றும் இல்லை. நல்ல நினைவோடு இருக்கும் மனிதர். படித்தவர்.

ஜூரி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே பேசியவற்றைச் சொல்லச் சட்டம் விடாது. நான் சொல்லவும் மாட்டேன். யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லலாம், அதில் பிழையில்லை. தொலைக்காட்சியில் ஜூரிமார் எப்படி இருப்பார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சுவரில் மாட்டிய படங்கள் போல இரண்டு வரிசை முகங்கள். பெயர் கிடையாது, பேச்சுக் கிடையாது. அவர்கள் மதியம் என்ன சாப்பிட்டார்கள், எந்தப் பேருந்தில் வீட்டுக்குப் போனார்கள், ஒருவருக்கும் அக்கறையில்லை. இங்கே உண்மையில் பாதிப் பொழுது எங்களை வெளியே அனுப்பிவிட்டு வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். சுத்தியலும் கிடையாது. நாங்கள் அந்தச் சிறிய அறையில் வட்டமாக இருப்போம். எங்களுக்கும் பெயரில்லை, எண்தான். நான் பதினோராம் எண். காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "வணக்கம், பதினொன்று! இன்றைக்கு என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்பார்கள். மருமகள் வாங்கி வைத்திருந்த பயற்றம் பணியாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறாம் எண், பெரிய தாடிக்காரப் பையன், தனியாளாக நின்று ஒரு டப்பாவைக் காலி செய்தான். மறுநாள் வயிறு சரியில்லை என்றான். "வழக்கு நின்றால் அதற்குப் பதினொன்றுதான் பொறுப்பு" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அறையில் நான் எவ்வளவு சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

நாலாம் எண் ஓர் அம்மா. குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தனியாக வாழ்பவர். மதியத்தில் தம் சாண்ட்விச்சில் பாதியைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஒருநாளும் தவறாது. தனியாக வாழ்பவர் யாருக்குக் கொண்டுபோகிறார் என்று நான் கேட்கவில்லை. நமக்கெதற்கு? பூனை வளர்ப்பவராக இருக்கலாம். புகைப்படத்தைக் காட்டிய அன்று அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "பதினொன்று, மிகவும் அமைதியாக இருக்கிறீர்கள். ஏதோ மனத்தில் வைத்திருக்கிறீர்கள், இல்லையா?"

"இருக்கிறது அம்மா. முடிவில் சொல்வேன்" என்றேன்.

அங்கேதான், பிள்ளை, இந்தப் பெட்டி என்னை ஏமாற்றியது. இதில் வரும் துப்பறிவாளர் என்ன செய்வார்? நடுவிலே கண்டுபிடித்துவிடுவார், ஆனால் மூச்சு விடமாட்டார். எல்லாரையும் ஒரு கூடத்தில் கூட்டி, கதவைச் சாத்தி, கடைசியில் அவிழ்ப்பார். என் தொழிலும் அதுவே அல்லவா? செய்யுள் முடியட்டும், பிறகு பயன். வழக்கு முடிந்து, கதவு சாத்தப்பட்டு, மேசையைச் சுற்றி எல்லாரும் இருக்கும்போது, நான் எழுந்து நின்று சொல்வேன். எப்படித் தொடங்குவது, மகளின் அழுகையிலிருந்து கோப்பைக்கு எப்படி வருவது என்பதையெல்லாம் வரி வரியாக அமைத்துவிட்டேன். இரவில் படுத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்றுகூட ஒரு பயம். ஒருவரும் முந்தவில்லை. பொன்மணியாக இருந்திருந்தால் படத்தைக் கண்ட அன்றே மேசையில் தட்டிச் சொல்லியிருப்பாள். அவளுக்கு அவையடக்கம் கிடையாது.

வாதங்கள் முடிந்தன. நீதிபதி அம்மையார் சட்டத்தை விளக்கினார். இனி நமது முறை. அப்போது அவர் ஒரு சிறிய பெட்டியைக் கையில் எடுத்தார்.

நாங்கள் பதின்மூன்று பேர் இருந்தோம், பிள்ளை. நீண்ட வழக்கு என்றால் இங்கே ஒருவரைக் கூடுதலாக எடுத்துவைப்பார்கள். யாராவது நோயில் விழுந்தால் உதவும் என்று. கடைசிவரை ஒருவரும் விழவில்லை. தீர்மானிக்க உள்ளே போகக்கூடியவர்கள் பன்னிருவரே. ஆகவே எண்களை எழுதிய அட்டைகளைப் பெட்டியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வருகிற எண் வீட்டுக்குப் போகலாம். எந்தத் தொலைக்காட்சியில் இதைக் காட்டினார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

"பதினோராம் எண்" என்றார்.

நன்றி சொன்னார். உங்கள் சேவையை இந்த நாடு மறவாது என்றார். தீர்ப்பு வரும்வரை வழக்கைப் பற்றி யாரிடமும் ஒரு சொல்லும் பேசக்கூடாது, மற்ற ஜூரிமாரிடமும் கூடாது என்றார். பன்னிருவரும் எழுந்து வரிசையாக உள்ளே போனார்கள். தாடிக்காரப் பையன் எனக்குக் கை காட்டினான். கதவைச் சாத்தினார்கள். என் மேலங்கியை ஒரு காவலர் கொண்டுவந்து தந்தார். பணியாரப் பெட்டி உள்ளேயே இருந்துவிட்டது.

மின்தூக்கிக்கு முன்னால் அந்தக் கயானாப் பெண்ணின் வழக்கறிஞர் தனியாக நின்றார். கையெட்டும் தூரம். 'ஐயா, அந்தக் கோப்பை...' என்று தொடங்கினால் போதும். வாயைத் திறந்தேன். பதிகப் புத்தகம் பையில் கிடந்து இடுப்பில் உறுத்தியது. அதன்மேல் கை வைத்துச் சொன்ன சொல் இருக்கிறது. அவளும் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், அதுவும் இருக்கிறது. எதைக் காப்பாற்றுவது? மின்தூக்கி வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

மகன் செய்தி அனுப்பினான்: அப்பா, தப்பிவிட்டீர்கள், இனி நிம்மதி. நான் பெருவிரல் படம் அனுப்பினேன்.

மறுநாள் காலை எழுந்து, குளித்து, திருநீறு பூசி, அதே பேருந்தில் அதே நீதிமன்றத்துக்குப் போனேன். உள்நடையில் கிடந்த வாங்குப்பலகையில் அமர்ந்திருந்தேன். உள்ளே அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அப்பால். சத்தம் கேட்காது. மனத்துக்குள் பதிகம் ஓதிக்கொண்டே இருந்தேன். இறைவா, அந்தப் பன்னிருவரில் ஒருவர் நாவில் வந்து நில் என்று வேண்டினேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். காவலர் ஒருவர், "ஐயா, உங்களுக்கு இங்கே வேலை முடிந்துவிட்டதே?" என்று கேட்டார். வீட்டில் வேலை ஏதோ இருப்பதுபோல.

மூன்றாம் நாள் பிற்பகல் தீர்ப்பு. பொதுமக்கள் வரிசையில் இருந்தேன். பன்னிரண்டு பேரும் வந்து நின்றார்கள். ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து பார்க்கும்போது அவர்களும் சுவரில் மாட்டிய படங்களாகவே இருந்தார்கள்.

குற்றவாளி அல்ல.

அவள் நின்றபடியே முகத்தைப் பொத்திக்கொண்டாள். நானும் பொத்திக்கொண்டேன். வேண்டியது கிடைத்துவிட்டது, இல்லையா? இறைவன் கேட்டுவிட்டான். ஆனாலும், பிள்ளை, எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கோப்பை அங்கே பேசப்பட்டதா? வேறு காரணத்தால் விட்டார்களா? அல்லது யாரோ ஒருவர் அது மனைவிக்கு ஊற்றியது என்று சொன்னாரா? சொல்லியிருந்தால் அவருக்கு அது எப்படித் தெரிந்தது? அப்படியானால் இந்த ஊரில் எங்கோ ஒரு வீட்டில் இன்னும் ஒருவர்... அதாவது, நமது கோயில் மனிதரைப் போல இன்னும் ஒருவர்.

வாசலில் நாலாம் எண் அம்மாவைக் கண்டேன். தீர்ப்பு வந்துவிட்டதே, நான் கேட்கலாம்தானே என்று நினைத்து, "அம்மா, அந்தக் கோப்பை..." என்றேன். அவர் விரலை உதட்டில் வைத்தார். உள்ளே நடந்ததை அவர்கள் சாகும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது, அது சட்டம். பிறகு என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

"வீட்டுக்குப் போங்கள், பதினொன்று. உங்கள் தேநீர் ஆறிப்போகும். இரண்டும்" என்றார்.

எனக்கு இன்றுவரை அதன் பொருள் பிடிபடவில்லை. அவர்களுடைய நாட்டில் விடைபெறும் முறை அப்படியோ என்னவோ. பயன் சொல்பவனுக்கே பயன் விளங்கவில்லை. பெயரும் கேட்கவில்லை; அவர் ஒரு பேருந்தில் ஏறினார், நான் வேறொரு பேருந்தில். தொலைக்காட்சியில் இந்த இடத்துக்கு முன்னரே பாட்டுப் போட்டுப் பெயர்களை ஓடவிடுவார்கள். ஆகவேதான் சொல்கிறேன், இது பொய்ப் பெட்டி. கொண்டுபோங்கள். உங்கள் பிள்ளைகள் படம் பார்க்கட்டும்.

உங்கள் கைபேசி அடிக்கிறது. கணவர்தானா? இடம் கிடைக்கவில்லையாமா? நடுத்தெருவில் நிற்கிறாரா? அப்படியானால் உடனே போக வேண்டும். பாரமில்லை, அவர் வந்து ஒரு பக்கம் பிடித்தால் போதும். எனக்கு அவசரமில்லை, இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு வாருங்கள். நாளைக்கு வந்தாலும் நல்லதுதான்.

தேநீரைத் தொடவே இல்லையே. ஒரு வாய் குடித்துப் பார்த்தீர்களா? சீனி இல்லையா? அது... மறந்துவிட்டேன். வயதாகிறது. உங்களுக்குச் சீனி வேண்டுமென்று எனக்கு எப்படித் தெரியும்?

வேண்டாம், வேண்டாம். எடுக்க வேண்டாம், பிள்ளை. கழுவவும் வேண்டாம். அந்த நாற்காலிக்கு நேராக, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். படிகள் செங்குத்தானவை.